வன்தட்டில் ஓர் ஒழுங்கை

தம்பிஐயா சேரை இளைப்பாறிய நில அளவையாளர் என்று யாராவது அறிமுகம் செய்தால் அவருடைய முகம் சுருங்கிவிடும். அவர் இளைப்பாறியது திணைக்களத்திலிருந்து மட்டும்தான், அளப்பதிலிருந்து அல்ல. கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க முன்னரே பந்தல் காலுக்கும் பக்கத்து வளவு வேலிக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். செத்த வீட்டிலும் அப்படித்தான். பெட்டியை வெளியே எடுக்க வாசல் அகலம் காணாது என்று அவர் சொன்னால், அழுதுகொண்டிருப்பவர்கள்கூட ஒரு கணம் அழுகையை நிறுத்தி வாசலைப் பார்ப்பார்கள்.

அவர் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் தலைவராக இருந்த காலத்தில், சுவிசிலிருந்து ஒரு சேர்வர் வந்து இறங்கியது.

ஊரைவிட்டுப் போனவர்கள் ஊருக்கு ஏதாவது அனுப்பாமல் இருக்கமாட்டார்கள். முன்னர் ஒருமுறை பேச்சு மேடைக்கு ஒலிபெருக்கி அனுப்பினார்கள். அதன் விளைவுகளிலிருந்து ஊர் இன்னும் மீளவில்லை. இந்த முறை ஒரு சேர்வர் கொம்பியூட்டரும், மைதானத்து விளக்குக் கம்பத்தின் உச்சியில் பூட்ட ஒரு கமராவும். கமரா முழு மைதானத்தையும் பார்க்கும், பார்த்ததைச் சேர்வருக்கு அனுப்பும். வேறு எதற்கும் அனுப்பாது. சேர்வரைப் பாவிக்கப் போகிறவர்கள் நாலு பகுதியார்: வாசிகசாலை, கோயில் பரிபாலன சபை, மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம்.

அதைப் பூட்டித்தர வந்தவள் வினோஜா. பண்டத்தரிப்பில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறாள். அதற்கு முன் கொழும்பில் ஒரு வங்கியின் சேர்வர்களைப் பல வருடம் மேய்த்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். எங்கள் நிர்வாக சபையில் இது ஒரு குறையாகக் கருதப்பட்டது.

ஒரு ஞாயிறு பின்னேரம், வாசிகசாலையில், பத்திரிகை வாசிக்கும் மேசையின்மேல் சேர்வரை வைத்து அவள் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றத் தொடங்கினாள். நிர்வாக சபை முழுவதும் பிளாஸ்டிக் கதிரைகளில் அரைவட்டமாக அமர்ந்து, பிரசவ அறைக்கு வெளியே இருப்பவர்களைப்போலக் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை ஒரு கேள்வியோடு நின்றது.

"என்னவாம்?" என்றார் தம்பிஐயா சேர்.

"வன்தட்டை, ஹார்ட் டிஸ்க்கை, எப்பிடிப் பாவிக்கப் போறம் எண்டு கேக்குது சேர். ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, இப்பவே கோடு கீறி நாலு துண்டாப் பிரிக்கிறது. மற்றதுக்குப் பேர் எல்.வி.எம். முழுத் தட்டையும் ஒண்டாப் போட்டு வைச்சிட்டு, அதுக்குள்ளையிருந்து ஆராருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவைக் குடுக்கிறது. பேந்து காணாட்டில் கூட்டிக் குடுக்கலாம். நான் எண்டால் ரெண்டாவதைத்தான் செய்வன்."

ஆனால் தம்பிஐயா சேரின் காது 'பிரிக்கிறது' என்ற சொல்லோடு நின்றுவிட்டது. நாற்பது வருடம் காணி பிரித்தவர். பழைய போர்க்குதிரைக்குக் கொம்பு வாத்தியம் கேட்டதுபோல முதுகு நிமிர்ந்தது.

"பிரிக்கிறதெண்டால் அது என்ரை தொழில், பிள்ளை. நீர் தள்ளி இரும்."

"சேர், ரெண்டாவது முறையிலை..."

"அந்த ரெண்டாவது முறையிலை எல்லாருக்கும் குடுத்த மிச்சம் ஆற்றை பேரிலை கிடக்கும்?"

"ஒருத்தற்றை பேரிலையும் இல்லை. சும்மா கிடக்கும். தேவைப்படேக்கை எடுக்கிறது."

ஒருவர் பேரிலும் இல்லாத நிலம் சும்மா கிடக்கும் என்று வலிகாமத்தில் பிறந்த எவனும் நம்பமாட்டான். முதலில் அதில் யாரோ ஓர் ஆட்டைக் கட்டுவார்கள். பிறகு ஆட்டுக்கு ஒரு கொட்டில் வரும். பிறகு கொட்டிலுக்கு ஒரு வேலி. பிறகு மல்லாகம் நீதிமன்றம்.

"விசர்க் கதை," என்று தீர்ப்பளித்தார் கோயில் பரிபாலன சபையின் மார்க்கண்டு ஐயா. பெரிய வெங்காயத் தோட்டக்காரர். நெற்றியில் திருநீறும் சட்டைப்பையில் இரண்டு ஃபோன்களும் எப்போதும் இருக்கும்.

தம்பிஐயா சேர் ஒரு பெரிய கடதாசியைக் கேட்டார். வன்தட்டுக்கு வடக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்டார்.

வினோஜா அவரை ஒருமுறை பார்த்தாள். "விசிறி இருக்கிற பக்கம் சேர்," என்றாள்.

அவர் வடக்கு அம்பு போட்டு வரைபடம் கீறினார். ஒரு டெறாபைட்டுக்கு இத்தனை பரப்பு என்று ஒரு கணக்கும் வைத்தார். வாசிகசாலைக்கு ஆகப் பெரிய துண்டு, ஏனென்றால் அறிவுக்கு எல்லை இல்லை, தலைவரும் வாசிகசாலைக்காரர்தான். அடுத்தது கோயிலுக்கு, ஏனென்றால் குறைத்துக் கொடுக்க யாருக்கும் துணிவில்லை. விளையாட்டுக் கழகத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் ஓரத்தில் ஆளுக்கொரு கீலம்.

"பந்தடிக்கிறவைக்கு என்னத்துக்கு இடம்? அதுதான் மைதானம் கிடக்கே," என்றார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது உலகம் முழுக்க நடக்கிற பிழைதான். ஆனால் வரைபடம் முடிந்தபோது துண்டுகளுக்கு இடையில் வெள்ளையாகச் சில இடைவெளிகள் தெரிந்தன.

"இதென்ன சேர், நடுவிலை?" என்று கேட்டாள் வினோஜா.

"ஒழுங்கை. ரெண்டு காணி முட்டிக்கொண்டு கிடந்தால் எல்லைச் சண்டை வரும். நடுவிலை ஆருக்கும் சேராத பாதை ஒண்டு விட்டால் வராது. நாற்பது வருச அனுபவம்."

"உதுக்குள்ளாலை ஆடுமாடு போறேல்லை சேர்."

"இண்டைக்குப் போகாது," என்றார் தம்பிஐயா சேர்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மாதர் சங்கத் தலைவி இராசமலர் மட்டும் பாதி உயர்த்திய கையால் காதைச் சொறிந்துகொண்டாள். வினோஜா தோளைக் குலுக்கினாள். "சரி. கேட்டபடி செய்து தாறன். ஆனா ஒருநாள் உந்த வேலியளைப் பிடுங்கச் சொல்லி என்னட்டைத்தான் வருவியள். அப்ப முழுக்க அழிச்சுத்தான் திருப்பிப் போடோணும்."

திறப்பு விழாவில் தம்பிஐயா சேர் இதை 'எண்ணிம யுகத்தின் முதலாவது நிலப் பகிர்வு' என்று வர்ணித்தார். ஊரில் யாரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் விளங்கவேண்டும்.

இனி ஆரபி. எங்கள் மகளிர் கரப்பந்தாட்ட அணியின் செற்றர். செற்றரின் வேலை மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தை எடுத்துக் கொடுப்பது. பந்து எதிர்ப்பக்கத்தில் விழுந்து புழுதி கிளம்பும்போது சனம் அடித்தவளைப் பார்த்துத்தான் விசிலடிக்கும். கைத்தொலைபேசியில் எடுக்கிற துண்டு வீடியோக்களில் செற்றரின் கை இரண்டும் ஓரத்தில் வந்துபோகும், சில நேரம் அதுவும் வராது. ஆரபியைப்பற்றிக் கேள்விப்பட்ட தேசிய இளையோர் அணியின் தேர்வாளர்கள் அதனால்தான் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஒரு முழு ஆட்டத்தின் பதிவு வேண்டும், மைதானம் முழுதும் தெரியவேண்டும், நல்ல தெளிவு வேண்டும், அணிகள் இறங்கியதிலிருந்து கடைசி விசில்வரை ஓர் இடத்திலும் வெட்டக்கூடாது. இளையோர் அணிக்கு அவளுடைய வயது இந்த வருடத்தோடு முடிகிறது. சுற்றுப்போட்டியில் மிஞ்சியிருந்தது அரையிறுதியும், வென்றால் இறுதியாட்டமும்.

அரையிறுதியன்று வினோஜா விளையாட்டுக் கழகத்தின் துண்டில் இருந்த பழசையெல்லாம் அழித்து இடம் பண்ணிவிட்டு, மைதான ஓரத்தில் மடிக்கணினியோடு இருந்தாள். அணிகள் இறங்கின. பதிவு ஓடத் தொடங்கியது. அப்போதுதான் தலைவர் ஒலிவாங்கியைக் கேட்டார்.

அவர் பேசினார். விளையாட்டும் ஒழுக்கமும் பற்றி, ஒழுக்கமும் அளவையும் பற்றி, பிரித்தானியர் காலத்துச் சங்கிலி அளவையைப் பற்றி. ஆட்டக்காரிகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். கமரா அவ்வளவையும் உச்சத் தெளிவில் சேர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது செற் முடியும்போது துண்டு நிரம்பப்போகிறது என்று வினோஜாவுக்குத் தெரிந்துவிட்டது. பதிவை நிறுத்தாமல் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. விளையாட்டுக் கழகத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் நடுவில் வெறுமையாகக் கிடந்த ஒழுங்கையை விளையாட்டுக் கழகத்தோடு சேர்த்தாள். ஒரு நிமிட வேலை. எங்கள் ஊரில் ஓர் ஒழுங்கை இதைவிட வேகமாகக் காணாமல் போனதில்லை. ஆனால் அதற்கு அப்பால் மாதர் சங்கத்தின் வேலி. அதைத் தாண்ட வழியில்லை. நாலாவது செற் பாதியில் பதிவு நின்றது. எங்கள் பிள்ளைகள் அந்தச் செற்றையும் ஆட்டத்தையும் வென்றார்கள்.

ஆரபி வேர்க்க வேர்க்க ஓடிவந்தாள். "அக்கா, முழுக்க விழுந்ததோ?"

"இல்லையடி. நாலாவதிலை அரைவாசி இல்லை."

ஆரபி கையிலிருந்த பந்தை நிலத்தில் ஒருமுறை குத்தினாள். "அப்ப பைனல் ஒண்டுதான் இருக்கு," என்றாள்.

"ஓம். பைனல் முழுக்க விழும்."

"இடம்?"

"அதை என்னட்டை விடு."

அடுத்தநாள் அவசரக் கூட்டம். அவசரம் ஆரபியின் வீடியோ என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துப் போனோம். நிகழ்ச்சிநிரலின் முதலாவது விடயம் 'பொது ஒழுங்கை அபகரிப்பு' என்று இருந்தது.

"ஆரைக் கேட்டு ஒழுங்கையை எடுத்தனீர்?" என்றார் தலைவர்.

"ஆரையும் கேக்கேல்லை சேர். நேரமில்லை. அதுவும் போதாமல் போட்டுது. பைனலுக்கு முதல் நான் தட்டை அழிச்சு, எல்.வி.எம். போட்டுத் திருப்பி ஏத்தோணும்."

"ஏன் அழிக்கோணும்? பைனலை வேறை ஆற்றையும் காணியிலை விடலாமே?"

எல்லோரும் மார்க்கண்டு ஐயாவைப் பார்த்தார்கள். கோயிலின் துண்டில் இருந்தது போன வருடத் திருவிழாப் படங்களும் ஓர் அழைப்பிதழும்தான். மற்றதெல்லாம் வெறும் வெளி.

"ஏலாது," என்றார் மார்க்கண்டு ஐயா. "பந்து தோலிலை செய்தது. பிள்ளையள் சப்பாத்தோடை துள்ளுதுகள். அம்மனின்ரை படத்துக்குப் பக்கத்திலை உதைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லுறியளோ?"

"அப்ப வாசிகசாலை?" என்றாள் வினோஜா.

"வாசிகசாலைக் காணியைத் தொடக்கூடாது," என்றார் தம்பிஐயா சேர். "நாளைக்கு ஒருவர் தன்ரை முழுப் புத்தகங்களையும் படமெடுத்துத் தந்தால் எங்கை வைக்கிறது?"

அன்றைக்கு வாசிகசாலைத் துண்டில் இருந்தது அவருடைய வரைபடத்தின் பிரதி ஒன்று.

"எங்கடையை எடு பிள்ளை," என்றாள் இராசமலர்.

"உங்கடையும் சின்னத் துண்டு அக்கா. பாதியிலை நிரம்பும். வேறை துண்டுக்கு மாறுறதெண்டால் பதிவை நிப்பாட்டோணும். நிப்பாட்டினால் அவை ஏற்கமாட்டினம்." வினோஜா தலைவரின் பக்கம் திரும்பினாள். "இன்னொண்டும் சொல்லோணும் சேர். நேற்று உங்கடை பேச்சு இல்லாட்டில் நாலாவது செற் முழுக்க விழுந்திருக்கும்."

தம்பிஐயா சேருக்கு இது குற்றச்சாட்டு என்று விளங்கவே இல்லை. "அப்ப பேச்சு முழுக்க விழுந்ததோ?" என்றார்.

"ஒரு சொல் மிச்சமில்லாமல்."

"நல்லது," என்று தலையாட்டினார். பிறகு கையை உயர்த்தி முடித்துவைத்தார். "ஆனால் ஆற்றையெண்டு தெரியாமல் எல்லாத்தையும் ஒண்டாக் குவிச்சு வைக்கிற முறைக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். எல்லை இல்லாத இடத்திலை பங்கு எண்ட ஒண்டு இருக்க ஏலாது. இது அளவையின்ரை அரிச்சுவடி."

இராசமலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய வளவும் தம்பிஐயா சேரின் வளவும் மார்க்கண்டு ஐயாவின் தோட்டமும் ஒரே பங்குக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கின்றன. மூன்று வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்திலும் அந்தக் கிணறு இருக்கிறது.

"சேர், ஒரு சந்தேகம். எங்கடை கிணத்திலை உங்கடை பங்குத் தண்ணி வடக்குப் பக்கமோ, தெற்குப் பக்கமோ?"

"இதென்ன கேள்வி? கிணத்திலை பக்கம் பாக்கிறேல்லை. பிரிபடாத மூண்டிலொரு பங்கு."

"கிணத்துக் காணியை அளந்து படம் கீறினது ஆர்?"

"நான்தான்."

"ஏன் சேர் அப்ப நடுவிலை ஒரு ஒழுங்கை விடேல்லை?"

சிரிப்பு கதவோரத்தில் தொடங்கி மேசைவரை வந்தது. மார்க்கண்டு ஐயாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. தம்பிஐயா சேரின் சொந்த வரைபடத்தில் அந்தக் கிணறு ஒரு வட்டம். உள்ளே ஒரு கோடுகூட இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கிணறு வேறை..." என்று தொடங்கினார்.

"என்ன வேறை? உவர் மார்க்கண்டு அண்ணை வெங்காயத்துக்கு விடிய விடிய மோட்டர் போடுறார். நான் ரெண்டு வாளி அள்ளுறன். நீங்கள் உங்கடை மகன் கனடாவிலையிருந்து வந்து நிக்கேக்கை ஒரு நாளைக்கு மூண்டுதரம் தொட்டி நிரப்புறியள். ஆரும் வந்து இது என்ரை பக்கத்துத் தண்ணியெண்டு மறிச்சதோ?"

"அதுதான் சேர் எல்.வி.எம்.," என்றாள் வினோஜா. "தட்டு முழுக்க ஒரு கிணறு. எல்லாருக்கும் முதல் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிக் குடுக்கிறது. மிச்சம் கிணத்துக்குள்ளை கிடக்கும். ஆருக்குக் காணாமல் வருதோ, அவைக்கு இன்னும் அள்ளிவிடுறது. ஒண்டையும் நிப்பாட்டத் தேவையில்லை."

"எல்லாம் கலந்துபோகாதோ?" என்றார் மார்க்கண்டு ஐயா, இருமலுக்கு நடுவில். "பந்தும் அம்மனும்?"

"வாளி வேறை வேறை ஐயா. அம்மனின்ரை வாளிக்குள்ளை பந்து வராது."

"கிணறு இடிஞ்சால்?"

"இடிஞ்சால் எல்லாருக்கும்தான் தண்ணி இல்லை. அதுக்காக ஒவ்வொரு நாளும் இன்னொரு தட்டிலை பிரதி எடுத்து வைப்பன். உங்கடை ஒழுங்கை முறையிலையும் அது வேணும், தட்டு பழுதானால் வேலி காப்பாத்தாது."

தம்பிஐயா சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மனிதர் தோற்றுக்கொண்டே எப்படி வெல்வது என்பதை அன்றைக்கு நேரில் கண்டேன்.

"பிரிபடாத பங்கு எண்டு முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே கையெழுத்து வைச்சிருப்பன்," என்றார். "எல்.வி.எம். அது இது எண்டு இங்கிலீசிலை குழப்பினது நீர். இது எங்கடை முறை. சுவிஸ்காரனுக்கு முதலே எங்களிட்டை இருந்த முறை. நான் முழு மனதோடை முன்மொழியிறன். ஒரேயொரு நிபந்தனை: கிணத்திலை ஆராவது மேலதிகமா அள்ளினால் மற்றப் பங்காளர் எல்லாருக்கும் உடனை தெரியவேணும்."

"ஓம் சேர். எல்லாற்றை ஃபோனுக்கும் செய்தி வரும்."

இருந்தவற்றையெல்லாம் பிரதி எடுத்துவிட்டு, வினோஜா லினக்ஸை மறுபடி ஏற்றினாள். அதே கேள்வியோடு திரை வந்து நின்றது. இந்த முறை யாரும் கடதாசி கேட்கவில்லை. எல்.வி.எம். என்பதைத் தெரிவுசெய்து, நாலு பேருக்கும் அளவாகக் கொடுத்து, பெரும்பகுதியைச் சும்மா விட்டாள். அந்தச் சும்மா கிடந்த இடத்தைத் தம்பிஐயா சேர் கொஞ்ச நேரம் உற்றுப்பார்த்தார். ஆட்டைக் கட்ட இடம் தேடுகிறவர்போல இருந்தது.

இறுதியாட்டம் எங்கள் மைதானத்திலேயே, உடுவில் அணியோடு. அணிகள் இறங்கின, பதிவு ஓடத் தொடங்கியது, தலைவர் ஒலிவாங்கியைக் கேட்டார். யாரோ வினோஜாவைப் பதற்றத்தோடு பார்த்தார்கள். அவள் மடிக்கணினிக்குப் பக்கத்தில் கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "கதைக்கட்டும்," என்றாள்.

அவர் பிரிபடாத பங்கைப்பற்றிப் பேசினார். நீளமாகப் பேசினார்.

ஆட்டம் ஐந்து செற்றுக்கும் போனது. ஆரபி அன்றைக்கு என்ன செய்தாள் என்பதைச் சனம் வழக்கம்போலக் கவனிக்கவில்லை, கமரா கவனித்தது. பின்னுக்கு விழுந்த பந்தை முழங்காலில் சறுக்கிக்கொண்டே போய், திரும்பிப் பார்க்காமல், தலைக்குப் பின்னால் தூக்கிக் கொடுத்தாள். எங்கே அடிப்பவள் நிற்பாளோ அங்கே பந்து போய் நின்றது. நாலாவது செற்றின் நடுவில் விளையாட்டுக் கழகத்தின் வாளி நிரம்பப்போகிறது என்று திரை சொன்னது. வினோஜா விரலில் ஒட்டிய கச்சான் தோலைத் துடைத்துவிட்டு ஒரு வரி அடித்தாள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

பிரமுகர் வரிசையில் ஃபோன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன. மார்க்கண்டு ஐயாவுக்கு இரண்டிலும். தம்பிஐயா சேர் செய்தியை வாசித்தார். கதிரையை விட்டு எழுந்து மைதான ஓரமாக வந்தார்.

"எந்தப் பக்கத்தாலை எடுத்தனீர்?" என்று வினோஜாவின் காதோடு கேட்டார்.

"கிணத்திலையிருந்து, சேர்."

அவர் வாசிகசாலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாவது செற்றில் நாங்கள் தோற்றோம். கிண்ணம் உடுவிலுக்குப் போனது. கடைசி விசில் ஊதிய கையோடு ஆரபி யாரோடும் கதைக்காமல் வினோஜாவிடம் வந்தாள். வினோஜா மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். முதல் விசில் அங்கே இருந்தது, கடைசி விசிலும் இருந்தது, நடுவில் ஓர் இடமும் விடுபடவில்லை. தோற்ற அணியின் செற்றர் அப்போதுதான் சிரித்தாள்.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்த அன்று நாங்கள் மாதாந்தக் கூட்டத்தில் இருந்தோம். ஆரபி சைக்கிளை வாசிகசாலை மதிலில் சாத்திவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

"அக்கா! பயிற்சி முகாமுக்கு வரட்டாம். முழுக்கப் பாத்தவையாம். தலைக்குப் பின்னாலை குடுத்த பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தவையாம்."

வினோஜா எழுந்து அவளுடைய தலையில் செல்லமாக ஒன்று போட்டாள். இராசமலர் கையைத் தட்டினாள். கைதட்டல் அடங்கும்வரை தலைவர் பொறுத்திருந்தார்.

"வேறை என்ன சொன்னவை பிள்ளை?"

ஆரபி வினோஜாவைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"வெட்டாமல் பாக்கோணுமெண்டு அவைதானே சொன்னவை. அதாலை துடக்கத்திலையிருந்தே பாத்திருக்கினம் சேர். முதல் கனநேரம் மைக்கோடை நிண்ட ஐயா எப்ப சேர்வ் போடுவார் எண்டு காத்துக்கொண்டிருந்தவையாம்."

பத்திரிகை மேசைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அது சிரிப்பாகவும் இருக்கலாம். தம்பிஐயா சேர் மெதுவாக எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கேட்டியளோ?" என்றார். "கொழும்பிலை முழுக்கக் கேட்டிருக்கினம்."

நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒரு விடயத்தை அவர் அப்போதே முன்மொழிந்தார். தலைவருரைகளுக்கென்று சேர்வரில் தனியாக ஒரு பங்கு வேண்டும்.

"எவ்வளவு வேணும் சேர்?" என்றாள் வினோஜா.

"சின்னனாத் துடங்குவம் பிள்ளை. காணாட்டில் பேந்து கூட்டலாம்தானே."

"கூட்டலாம் சேர்," என்றாள் இராசமலர், ஃபோனைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு. "எங்களுக்குச் சொல்லிப்போட்டு."